பள்ளத்தூர்ப் பையன் பாரா கமாண்டோ ஆகப் போகிறேன் என்கிறான்: விடலாமா, தடுக்கலாமா?

பள்ளத்தூர் சித்தப்பா:

என் அண்ணன் மகனுக்கு 19 வயது. காரைக்குடியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறான். அண்ணன் கோலாலம்பூரில் கடை வைத்திருக்கிறார். இங்கே வீட்டில் அண்ணியும் எங்கள் ஆத்தாவும்தான். பையன் கல்லூரியை விட்டுவிட்டு அக்னிவீராக, அதாவது ராணுவத்தில் நான்கு வருஷ ஒப்பந்தச் சிப்பாயாக, சேரப் போவதாகச் சொல்கிறான். ராணுவம் என்றால் ஏதோ ஒரு பிரிவு இல்லை. பாராசூட் ரெஜிமென்ட்டுக்குப் போய், அங்கே ப்ரொபேஷன் என்ற கடும் சோதனைக் கட்டம் தேறி, பாரா எஸ்எஃப் (பாராசூட் சிறப்புப் படை வீரன்) ஆக வேண்டும் என்பதுதான் அவன் குறி. பத்தாம் வகுப்பிலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. வயசு ஏற ஏற மறந்துவிடுவான் என்று இருந்தோம். இப்போது விடியுமுன் எழுந்து, முதுகுப் பையில் மணலைக் கட்டிக்கொண்டு கானாடுகாத்தான் ரோட்டில் ஓடுகிறான்.

அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒற்றைப் பிள்ளை. எங்கள் வளவில், பங்காளிகளில், பட்டாளத்துக்குப் போனவர் என்று ஒருவர் பெயரைக்கூடச் சொல்ல முடியாது. நான் போகட்டும் என்ற பக்கம்தான். ஆனால் அதை அண்ணியிடம் சொல்ல எனக்குக் காரணம் போதவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எதிர்ப்பதானாலும் காரணத்தோடு எதிர்த்து எழுதுங்கள்.

தேவகோட்டை மீனாள்:

நான் எதிர்க்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகள் ராணுவத்தில் இருக்கிறார்கள், வாழ்த்தித்தான் அனுப்பினேன். இந்தப் பையன் விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். அக்னிவீர்களைச் சேர்க்க 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் வேலை நான்கே ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதத்தைச் சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். ஆக முதல் வருஷம் கையில் வருவது 21,000. பிடித்த அளவுக்கு அரசும் போட்டு, முடியும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கொடுக்கும் என்று அறிவித்தார்கள். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. மீதி முக்கால்வாசிப் பேர் 23, 24 வயதில் பெட்டியோடு வீட்டுக்கு வர வேண்டும். இவன் வரும்போது கையில் பட்டமும் இருக்காது.

இன்னும் ஒரே வருஷம். அதைக்கூடப் பொறுக்க முடியாதா? பட்டம் வாங்கிவிட்டு, ராணுவ அதிகாரி ஆவதற்கான சிடிஎஸ் தேர்வை எழுதட்டும். என்சிசி-யில் சி சான்றிதழ் இருந்து டிகிரியில் 50 சதவீதம் எடுத்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்எஸ்பி என்ற அதிகாரித் தேர்வு நேர்முகத்துக்குப் போகலாம். அதிகாரியாகச் சேர்ந்தாலும் பாரா எஸ்எஃப்-க்கு விருப்பம் கொடுக்கலாம். சென்னைப் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. பக்கத்து வாசல் இருக்கும்போது சுவர் ஏறிக் குதிப்பானேன்?

ஓடும்புலி:

ஆச்சி, நானும் அக்னிவீருக்குத் தயார் செய்பவன்தான். சொந்த ஊர் புதுவயல் பக்கம். சிடிஎஸ் எழுதச் சொல்வது சுலபம். அந்த எஸ்எஸ்பி ஐந்து நாள் நடக்கும், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு அது வாசல் இல்லை ஆச்சி, பூட்டிய கதவு. அக்னிவீர் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அதில் தேறினால் உடல் தகுதித் தேர்வு: 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் 60 மார்க், பத்து புல்-அப் எடுத்தால் 40 மார்க், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும். இதெல்லாம் எங்கள் காலாலும் கையாலும் சம்பாதிக்கிற மார்க். யார் சிபாரிசும் வேண்டாம்.

பட்டத்துக்கும் வழி இருக்கிறது. அக்னிவீர்களுக்கென்றே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழக டிகிரி உண்டு. ராணுவப் பயிற்சியைப் பாதி கிரெடிட்டாகக் கணக்கில் எடுப்பார்கள். நான்கு ஆண்டு முடித்து வருபவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் 2022-லேயே 10 சதவீத ஒதுக்கீடும் அறிவித்தார்கள். நம் சிவகங்கைக்குப் பக்கத்தில் இலுப்பைக்குடியிலேயே இந்தோ-திபெத் எல்லைப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது, போய்ப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் அந்தக் கேட்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்று.

அப்புறம், எஸ்எஃப்-ல் தேறியவர்களை 25 சதவீதத்துக்கும் மேலே வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு இருக்கிறது.

கல்லல் ஹவில்தார்:

பேச்சு இருக்கிறது, சரி. பேச்சை வைத்து யாரும் பென்ஷன் வாங்க முடியாது தம்பி. ஆணை வரட்டும், அப்புறம் நம்பு.

நான் மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி, ஹவில்தாராக ஓய்வு. சித்தப்பா கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் பாரா எஸ்எஃப் என்றால் விண்ணப்பம் போட்டுச் சேர்கிற வேலை என்று நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. முதலில் சிப்பாயாகத் தேர்வாக வேண்டும். ஆட்சேர்ப்பிலேயே பாராசூட் ரெஜிமென்ட் கிடைத்தால் பெங்களூரு மையத்தில் பயிற்சி. கிடைக்காமல் வேறு ரெஜிமென்ட், பீரங்கிப் படை, சிக்னல் என்று எங்கே போனாலும் பின்னால் விருப்பம் எழுதிக் கொடுத்து வரலாம். யாரும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை, எல்லாரும் தானாக வந்தவர்கள்தான். அடுத்தது ப்ரொபேஷன். மாதக்கணக்கில் நடக்கும். முதுகில் சுமை, கையில் துப்பாக்கி, அந்தக் கோலத்தில் 10, 20, 30, 40 கிலோமீட்டர் வேக நடை. தூங்க விடமாட்டார்கள். தூக்கம் இல்லாத மூன்றாம் நாள் ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். வசவு விழும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் சுமையையும் வாங்கிக்கொள்கிறானா என்று பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி விடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் "முடியாது" என்று சொல்லிவிட்டுப் பழைய யூனிட்டுக்குப் போகலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆக்ராவில் விமானப் படையின் பள்ளியில் பாராசூட் குதிப்பு: ஐந்து முறை, அதில் ஒன்று இரவில். இதெல்லாம் முடிந்துதான் பாராசூட் வீரர்களின் மெரூன் தொப்பி. எஸ்எஃப் ஆனவனுக்கு "பலிதான்" பேட்ஜ்.

ஆகவே அந்தப் பையன் "எஸ்எஃப் போகிறேன்" என்று சொல்வது, உண்மையில் "சிப்பாயாகப் போகிறேன், எஸ்எஃப்-க்கு முயற்சி செய்வேன்" என்பதுதான். முயற்சி பலிக்காவிட்டால் லடாக்கிலோ ராஜஸ்தானிலோ ஒரு சாதாரண யூனிட்டில் நான்கு வருஷம். அந்த வாழ்க்கை அவனுக்குச் சம்மதமா? இதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அனுப்புங்கள். தொப்பி கிடைத்தால்தான் ராணுவம், இல்லையென்றால் வேண்டாம் என்று நினைக்கிற பையனாக இருந்தால் அனுப்பாதீர்கள். முதல் குளிர்காலத்திலேயே உடைந்துபோவான்.

தேவகோட்டை மீனாள்:

ஹவில்தார் ஐயா, நீங்கள் பென்ஷனோடு வந்தவர். அதே நிம்மதி இந்தப் பையனுக்கு உண்டா என்று எழுதவில்லையே.

கல்லல் ஹவில்தார்:

இல்லை ஆச்சி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் என்று சொல்லலாம். வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். ஆண் பிள்ளை பதினெட்டில் ஆட்சேர்ப்புக்குப் போவான், பதினைந்து வருஷம் முடித்தால் பென்ஷன், அந்தப் பணத்தில் தங்கை கல்யாணம், ஓட்டு வீடு மெத்தை வீடாவது. ஒரு தலைமுறையையே அந்தப் பென்ஷன்தான் தூக்கி நிறுத்தியது. அதை எடுத்துவிட்டார்கள். திட்டத்தின் முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். அவர்களுக்கே நான்கு வருஷம் முடிவது 2026 இறுதியில்தான். வெளியே வந்தவன் எப்படிப் பிழைத்தான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஒரு மூத்தவன் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், பணத்தை நம்பிப் போகிறவன் யோசிக்க வேண்டும். இந்தப் பையன் வீட்டில் பணம் பிரச்சினை இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் அவன் வேறு எதற்கோ போகிறான். அது என்ன என்று அவனிடம் கேட்டீர்களா, சித்தப்பா?

பள்ளத்தூர் சித்தப்பா:

கேட்டேன் அண்ணே. "என்னால் முடியுமா என்று தெரிய வேண்டும்" என்றான். அதற்கு மேல் பேசவில்லை.

மீனாள் ஆச்சிக்கு ஒன்று. பிள்ளையைத் தெரியாத இடத்துக்கு ஒப்பந்தம் போட்டு அனுப்புவது நம் ஊருக்குப் புதிதா? எங்கள் ஐயா பதின்மூன்று வயதில் ரங்கூனில் நம்மவர் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, எடுபிடியாக, போனவர். மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதி, கொஞ்சம் முன்பணத்தை வீட்டில் கொடுத்து, கப்பல் ஏற்றிவிட்டார்கள். கிட்டங்கி என்கிற கடைக் கட்டடத்தின் தரையில் படுத்து, மேலாளிடம் அடிவாங்கி, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாகி வந்தார். அவருடைய ஆத்தா மூன்று வருஷம் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் காய்ச்சலும் உண்டு, கலவரமும் உண்டு. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது காடும் மலையுமாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வழியிலேயே போனவர்கள் எத்தனை பேர்! இந்தப் பெரிய வீடுகளின் வளவும் பட்டாலையும் அந்தப் பிள்ளைகள் போனதால் வந்தவை. அப்போது அனுப்பிய ஊர் இப்போது ஏன் அஞ்ச வேண்டும்?

தேவகோட்டை மீனாள்:

நல்ல கேள்வி, தம்பி. இதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

உங்கள் ஐயா போனது தொழில் கற்க. மூன்று வருஷம் முடிந்ததும் ஊருக்கு வருவார், இருப்பார், அடுத்த சீட்டு எழுதுவார், சம்பளம் கூடும். திறமை காட்டினால் லாபத்தில் பங்கு. ஒவ்வொரு தவணையும் முந்தைய தவணையின் மேல் ஏறி நிற்கும். கடை அவரை விட்டாலும் அவர் கற்ற கணக்கு அவரை விடாது. வேறு மார்க்கா கடையில் சேர்ந்துகொள்வார். நான்கு வருஷம் முடிந்த அக்னிவீருக்கு அடுத்த சீட்டு எழுத முதலாளியே வரமாட்டார், நால்வரில் ஒருவருக்குத்தான் எழுதுவார். அவன் கற்றுக்கொண்டது இரவில் சத்தமில்லாமல் ஒரு வீட்டைச் சூழ்வது எப்படி என்று. அந்த வித்தைக்குக் காரைக்குடியில் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

பர்மாவைச் சொன்னீர்கள், அதையும் முழுசாகச் சொல்லுங்கள். 1930-களில் விலை வீழ்ந்து கடன் திரும்பாமல், கீழ் பர்மா வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நம்மவர் கைக்கு வந்தது. பத்திரம் இருந்தது, முத்திரை இருந்தது. போரும் புது அரசும் வந்தன, 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டார்கள், எல்லாம் போயிற்று. எழுதிக் கையெழுத்துப் போட்ட உறுதியே அப்படிப் போகும் என்று பார்த்த ஊர் இது. "25 சதவீதத்துக்கு மேல் வைப்பார்களாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பிப் பிள்ளையை அனுப்பச் சொல்கிறீர்கள்.

சாவைப் பற்றியும் பேசிவிடுகிறேன், யாரும் எழுதாமல் சுற்றிப் போகிறீர்கள். கடுக்கலூர் நமக்கு எவ்வளவு தூரம்? திருவாடானைப் பக்கம். அந்த ஊர் ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்தார். 40 வயது. வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் போல வழக்கமான பணியில் இருப்பவர் போரில் இறந்தால் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளத்தின் அளவுக்கே மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. அக்னிவீர் அதே மலையில் அதே பனியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, மிச்ச மாதங்களின் சம்பளம், சேவா நிதி, எல்லாம் ஒரே தடவை. மாதாமாதம் வருவது எதுவும் இல்லை. ஒரே பதுங்கு குழியில் நிற்கிற இருவருக்கு இரண்டு விலை. இதை நான் ஏற்கமாட்டேன்.

ஓடும்புலி:

ஆச்சி, இரண்டு விலை தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அது திட்டத்தின் மேல் உள்ள தப்பு. அதற்காக நாங்கள் போகாமல் இருந்தால் யார் போவது? இதே சீமையில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் 1801-ல் தூக்கில் போட்டார்கள். திருவாடானைச் சிறையை 1942 ஆகஸ்ட்டில் மக்களே உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டு வந்தார்கள். அவர்கள் எல்லாம் பென்ஷன் பார்த்தா இறங்கினார்கள்?

கானாடுகாத்தான் வக்கீல்:

மருது சகோதரர்களையும் 1942-ஐயும் இதற்குள் இழுக்காதீர்கள். அவர்கள் யாரை எதிர்த்துப் போராடுகிறோம் என்று தாங்களே முடிவு செய்தவர்கள். எஸ்எஃப் சிப்பாய் முடிவு செய்வதில்லை, ஆணையை நிறைவேற்றுகிறான். பணம், பென்ஷன் எல்லாம் பேசியாயிற்று. என் எதிர்ப்பு இந்த இடத்தில்தான்.

2021 டிசம்பர் 4. நாகாலாந்து, மோன் மாவட்டம், ஓட்டிங். சுரங்க வேலை முடித்து ஒரு பிக்-அப் வண்டியில் வீடு திரும்பிய கூலித் தொழிலாளர்கள். தீவிரவாதிகள் வருகிறார்கள் என்ற தவறான தகவலில் 21 பாரா எஸ்எஃப் பதுங்கியிருந்து சுட்டது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். பிறகு ஊர் மக்கள் திரண்டு மோதல், இன்னும் உயிர்கள், ஒரு சிப்பாயும் இறந்தார். மாநிலப் போலீஸின் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒரு மேஜர் உட்பட 30 பேர் மேல் குற்றப்பத்திரிகை கொடுத்தது. வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி தரவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கின் நடவடிக்கைகளை முடித்து வைத்தது. அனுமதி வந்தால் தொடரலாம் என்றது.

அந்த 30 பேரில் பெரும்பாலானவர்கள் யார்? சிப்பாய்கள். இந்தப் பையனைப் போல எங்கோ ஒரு ஊரில் விடியுமுன் எழுந்து ஓடியவர்கள். வண்டி வருகிறது, மேலே இருப்பவர் சுடு என்கிறார், அரை வினாடி. அதன் பிறகு அவன் மனசில் ஆயுளுக்கும் அது இருக்கும். சட்டத்துக்கு முன் நிற்கவும் விடமாட்டார்கள், நிரபராதி என்று சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொன்று, நாம் தமிழர்கள் என்பதால் சொல்கிறேன். 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கியது 10 பாரா கமாண்டோ. அமைதிப் படை என்று போய், அந்த ஊர்த் தமிழர்களோடு சண்டையாக முடிந்தது. அவர்களோடு இறங்கிய 13 சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் ஒரு பிளட்டூன் கிட்டத்தட்ட முழுக்க அழிந்தது. நாளைக்கு எந்தக் கரையில் இறக்கிவிடுவார்கள் என்று இவனுக்குத் தெரியுமா?

கல்லல் ஹவில்தார்:

வக்கீல் சார், அதே ரெஜிமென்ட் 1988 நவம்பர் 3 அன்று ஆக்ராவிலிருந்து கிளம்பி 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து ராத்திரியோடு ராத்திரியாக மாலத்தீவில் இறங்கி, கூலிப் படையிடமிருந்து அந்த அரசாங்கத்தைக் காப்பாற்றியது. 2016 செப்டம்பரில் எல்லையைத் தாண்டிப் பாகிஸ்தான் பக்கம் போய்த் திரும்பியதும் இவர்கள்தான். ஓட்டிங்கை மட்டும் எடுத்து வைத்தால் எப்படி?

கானாடுகாத்தான் வக்கீல்:

நான் அவர்களுடைய வீரத்தைக் குறை சொல்லவில்லை. மாலத்தீவில் இறங்கியவர்களும் ஆணையை நிறைவேற்றினார்கள், ஓட்டிங்கில் சுட்டவர்களும் ஆணையை நிறைவேற்றினார்கள். முதல் ஆணை சரி, இரண்டாவது தப்பு. சிப்பாயின் கையில் இருந்தது இரண்டிலும் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டு அவன் கையெழுத்துப் போடுகிறானா என்பதே என் கேள்வி. 19 வயதில் யாருக்கும் இது தெரியாது என்பது என் எண்ணம்.

கல்லல் ஹவில்தார்:

எனக்குப் பதினெட்டில் தெரியாது, உண்மை. இருபதில் தெரிந்துவிட்டது. நல்ல செக்ஷன் கமாண்டர் கிடைத்தால், விரல் எப்போது ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும் என்றுதான் முதலில் சொல்லிக் கொடுப்பார். அரை வினாடி என்றீர்கள். அந்த அரை வினாடிக்காகத்தான் அத்தனை பயிற்சியும். பயிற்சி குறைந்தவன் பயத்தில் சுடுவான். அதனால் எனக்கு நான்கு வருஷத் திட்டத்தின் மேல் இருக்கிற பெரிய குறை பணத்தில்கூட இல்லை: ஒருவன் பழகி, நிதானம் வந்து, அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற நிலைக்கு வரும்போது அவனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பெயர் வேண்டாம்:

அந்தப் பையன் நான்தான். சித்தப்பா இங்கே எழுதியது நேற்றுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் படித்தேன்.

ஹவில்தார் ஐயா கேட்டதற்கு முதலில்: ஆமாம், சம்மதம். தொப்பி கிடைக்காவிட்டாலும் நான்கு வருஷமும் கொடுத்த யூனிட்டில் இருப்பேன். ஹிந்தி தெரியாமல் போனால் முதல் மாதங்கள் கஷ்டம் என்று ஒரு அண்ணன் சொன்னதால் ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிறேன், பேச வருகிறது, எழுத இன்னும் தடுமாறுகிறது.

மீனாள் ஆச்சி சொன்ன சிடிஎஸ் பற்றி நானும் யோசித்தேன். எனக்கு ஆங்கிலம் பிரச்சினை இல்லை. ஆனால் நான் அதிகாரியாக விரும்பவில்லை. இருபது பேரை நடத்துவதற்கு முன்னால் இருபது பேரில் ஒருவனாக நான் எப்படி நிற்பேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் நான் கேட்டு எதுவும் கிடைக்காமல் போனதில்லை. பள்ளி, கல்லூரி, பைக், எல்லாம் அப்பச்சி பணம், அப்பா சம்பாதித்தது. ஆயிரம் பேர் ஓடுகிற இடத்தில் அப்பச்சி பெயர் செல்லாது. அந்த மாதிரி இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வக்கீல் சார் எழுதியதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஓட்டிங் பற்றி முன்பே படித்திருக்கிறேன். அப்படி ஒரு இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் பொய். ஆனால் அந்த வேலையை யாரோ ஒருவர் செய்யத்தான் போகிறார்கள். அதை யோசிக்காதவன் செய்வதைவிட யோசித்தவன் செய்வது நல்லது என்று நினைக்கிறேன்.

கானாடுகாத்தான் வக்கீல்:

தம்பி, நேர்மையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. ஆனால் உன் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. யோசிக்கிறவனுக்கு அங்கே யோசிக்கிற இடத்தில் வேலை கிடைக்காது. அந்த இடம் அதிகாரிக்குத்தான். வண்டியை நிறுத்திச் சோதிப்பதா, சுடுவதா என்று திட்டம் போடும்போது சிப்பாயை யாரும் கேட்கமாட்டார்கள். உன் மனசாட்சி அங்கே பயன்பட வேண்டும் என்றால் ஆச்சி சொன்ன வழியில் போ. நான் ராணுவத்துக்கே ஆள் சேர்ப்பதுபோல ஆகிவிட்டது இந்தப் பேச்சு, இருந்தாலும் சொல்கிறேன்.

ஓடும்புலி:

சார், அதிகாரி மட்டும்தான் மனுஷனா? ஒரு சிப்பாய் "பொறுங்க சார், அது கூலிக்காரங்க மாதிரி இருக்கு" என்று சொல்லி நின்ற இடங்களும் இருக்காதா? அதெல்லாம் செய்தியில் வராது. சுடாத துப்பாக்கிக்கு வழக்கு இல்லை.

தேவகோட்டை மீனாள்:

இது நல்ல பதில்தான். ஆனால் அதை வைத்து என்னால் அவன் ஆத்தாவுக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

பேராண்டி, உன்னிடம் நேராகவே பேசுகிறேன். நீ சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. அப்பச்சி காசு செல்லாத இடம் வேண்டும் என்கிறாய். நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பணமும் ஒருவன் பேரை நிலைநிறுத்தும், அதைக் குறைவாக நினைக்காதே. அது இருக்கட்டும். நீ எதை நிரூபிக்கப் போகிறாயோ அது ஒரு வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும். வயது வரம்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உனக்கு 19. டிகிரியை முடித்துவிட்டு இதே அக்னிவீருக்கே போ, நான் தடுக்கமாட்டேன். ஏன் இந்த வருஷமே? இதற்கு மட்டும் பதில் சொல்.

பெயர் வேண்டாம்:

ஆச்சி, ஒரு தடவையில் கிடைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. இந்த வருஷம் ஓடி, தோற்றால் எங்கே தோற்றேன் என்று தெரியும். அடுத்த வருஷம் மறுபடி போகலாம். டிகிரி முடித்துவிட்டுப் போனால் எனக்கு ஒரே வாய்ப்புத்தான் மிஞ்சும், அதுவும் மிஞ்சுமா என்பது பிறந்த தேதியைப் பொறுத்தது. நான் கல்லூரியை விடப் போவதாகச் சித்தப்பா எழுதியிருக்கிறார். தேர்வானால்தான் விடுவேன். தேர்வாகும்வரை வகுப்புக்குப் போவேன்.

பள்ளத்தூர் சித்தப்பா:

இதை என்னிடம் நீ சொல்லவே இல்லையேடா. கல்லூரியை இப்போதே விடுவதாக அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கல்லல் ஹவில்தார்:

இது வேறு விஷயம். இப்படியென்றால் நான் அவன் பக்கம். தம்பி, இரண்டு காரியம். மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓடுவதை உடனே நிறுத்து. இந்த வயதில் முட்டி போனால் மெடிக்கலிலேயே தள்ளிவிடுவார்கள். மண் தரையில் ஓடு, சுமை இல்லாமல், முதலில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரைக்குள் கொண்டு வா. சுமைக்குப் பெங்களூரில் வேண்டிய மட்டும் நேரம் தருவார்கள். இரண்டாவது, பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. எங்கள் பக்கத்தில் அப்படி நகையை விற்றுக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

தேவகோட்டை மீனாள்:

நான் இன்னும் அவன் பக்கம் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். 18 தாண்டியதால் உனக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டாம், அது எனக்குத் தெரியும். உன் அப்பச்சிக்கு இது தெரியுமா?

பெயர் வேண்டாம்:

தெரியாது.

பள்ளத்தூர் சித்தப்பா:

அண்ணனிடம் நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

பெயர் வேண்டாம்:

இன்று ராத்திரி அவர் கடை சாத்தியதும் கூப்பிடுகிறேன். அவரிடம் சொல்லாமல் விண்ணப்பம் போடமாட்டேன்.

தேவகோட்டை மீனாள்:

கூப்பிடும்போது உன் ஆத்தாவையும் பக்கத்தில் உட்கார வை. நான்கு வருஷம் என்பதையும் 25 சதவீதம் என்பதையும் பென்ஷன் இல்லை என்பதையும் முதலில் சொல். தொப்பியைப் பற்றி அப்புறம் சொல்லலாம்.